கரகம் இறக்கிய பிறகு

அன்புள்ள அக்கா,

நடனக் கலைஞர் ராகினி தேவி பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கரகாட்டக்காரர். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை அவர் ஆடாத திருவிழா இல்லை. முழங்கால் வலியால் இப்போது ஆடுவதில்லை. “நானும் எழுதட்டுமா?” என்கிறார். எட்டாவது வரைதான் படிப்பு. ஆடினவர் எழுதினால் யார் மதிப்பார்கள்?

க., உச்சிப்புளி

அன்புள்ள க.,

மதிப்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

ராகினி தேவி அமெரிக்காவில் எஸ்தர் ஷெர்மனாகப் பிறந்தவர். இந்திய நடனம் பற்றி 1928இல் ‘நிருத்தாஞ்சலி’ எழுதியபோது அவர் இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை. 1930இல்தான் வந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்), கேரள கலாமண்டலத்தில் கதகளி, பிறகு கதகளிக் கலைஞர் கோபிநாத்தோடு ஊர் ஊராக மேடை. இந்திய ஆட்ட மரபுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1972இல்தான் வந்தது. அலைந்து ஆடிச் சேர்த்த சரக்கு அது. அந்தச் சரக்கு உங்கள் அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிறது. படிப்பு என்கிறீர்கள். தேவதாசி முறையில் சிக்கி மீண்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவலே எழுதினார். எந்தக் கல்லூரிக்குப் போனார்?

ஒன்று மட்டும் வேண்டாம். கரகாட்டத்துக்கு மூலம் என்று சொல்வார்களே, அந்தச் சிலப்பதிகாரத்துக் குடக்கூத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுக்க யார் வந்தார், எவ்வளவு பேரம் பேசினார், வேனில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், பெண்கள் உடுப்பு மாற்ற எந்த ஊரில் இடம் கொடுத்தார்கள், எந்த ஊரில் ஓலை மறைப்பு கூட இல்லை, சாப்பாட்டை எங்கே உட்கார வைத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் வேண்டும். கடல் காற்றில் தோல் தொய்ந்து தப்பு மேளத்தில் சத்தமே எழும்பாதபோது வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்களே, அதுவரை தலையில் செம்போடு நிற்கிறவருக்குக் கழுத்தில் என்ன நடக்கும்? மேடைக்குக் கீழே நின்ற எனக்கு அது தெரியாது. குடித்துவிட்டு வந்து ரூபாய் நோட்டைக் குத்த நீளும் கையை, தாளம் விடாமல் எப்படித் தள்ளிவிடுவார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

கை எழுத வணங்காவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்யட்டும், நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவர் திட்டினால் திட்டு அப்படியே இருக்கட்டும். மகள் என்ற முறையில் எதையும் நாசூக்காக்கிவிடாதீர்கள். ஆட வைத்துவிட்டு மீதிப் பணம் தராமல் போனவர்களின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு எப்படியும் யாரென்று தெரிந்துவிடும்.

பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள்.