கண்ணும் காதும்: எது பொறுக்கும், எது பொறுக்காது

கண், காது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் சொல்வது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டர், மகனுக்கு மெட்ராஸ் ஐ. ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணும் சிவந்துவிட்டது. போன வருஷம் எனக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி இருக்கிறது. அதையே விடலாமா?

வேண்டாம். அந்தப் பாட்டிலை முதலில் தூக்கிப் போடுங்கள். திறந்த சொட்டு மருந்தைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதைவிட எனக்குப் பயம், அதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்பதுதான். கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் பரவி, பார்வையே கெடலாம். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரும். சிவப்பு மட்டும் சட்டென்று குறையும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

தண்ணீராக வடிந்தால் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது; ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். துடைக்கத் துடைக்க மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டு கண்ணும் அரித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுங்கள். துண்டும் தலையணை உறையும் அவனுக்குத் தனியாக இருக்கட்டும். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளாது, கைதான் பரப்பும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சம் கூசாமல் இருக்க மட்டுமே.

நல்ல வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், இமைத்தாலும் தெளியாத மங்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்கும் பச்சைக் குழந்தைக்கும் கண் சிவந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: கண்ணின் வெள்ளையில் திட்டாக ரத்தம். வலி இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது.

பார்க்கத்தான் பயங்கரம். இருமல், தும்மல், முக்கல், எதிலாவது ஒரு சின்ன ரத்தக் குழாய் உடைந்திருக்கும். இரண்டு வாரத்தில் கரைந்துவிடும், சொட்டு மருந்து தேவையில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானாலோ, அடிபட்டு வந்ததானாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ காட்டுங்கள்.

கேள்வி: வாரம் ஒரு தரம் பட்ஸ் வைத்துக் காதைச் சுத்தம் செய்கிறேன். அப்படியும் அடைக்கிறது.

"அப்படியும்" இல்லை, அதனால்தான் அடைக்கிறது. காதுக் குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்து, குறும்பியைத் தானே தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் பட்ஸால் அதைத் திரும்ப உள்ளே திணிக்கிறீர்கள். செவிப்பறை ஓட்டை, சீழ், வலி எதுவும் இல்லையென்றால் ஆலிவ் எண்ணெயோ குறும்பி கரைக்கும் சொட்டு மருந்தோ சில நாள் விட்டுப் பாருங்கள். ஊசி, சாவி, கொண்டை ஊசி எல்லாம் காதுக்குள் போகவே கூடாது.

கேள்வி: மூன்று வயது மகளுக்குச் சளி பிடித்தபின் ராத்திரியெல்லாம் காது வலி. எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார் மாமியார்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், வேண்டாம். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போய்விடும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கிறது. சளி பிடித்தால் அது அடைத்து, உள்ளே நீர் கட்டும். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மூன்று நாளில் தானே குறைந்துவிடும். காதில் சீழ் வந்தாலும், குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டதானாலும் காத்திருக்காமல் காட்ட வேண்டும். காதின் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினால், அது எந்நேரமானாலும் மருத்துவமனைதான்.

கேள்வி: காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்துவிட்டது, உள்ளே ரீங்காரம். சளி இல்லை. நான்கு நாளாகிறது, குறும்பிதான் என்று விட்டுவிட்டேன்.

வந்ததிலேயே என்னைப் பதறவைத்த கேள்வி இதுதான். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்துப் பாருங்கள். அடைப்பாக இருந்தால் அடைத்த காதில்தான் சத்தம் அதிகம் கேட்கும். நல்ல காதில் அதிகம் கேட்டால் உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். இது வீட்டில் செய்யும் ஒரு குறிப்பு மட்டுமே; எப்படிக் கேட்டாலும் இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். ஆமாம், கண்ணுக்கு நானே வேண்டாம் என்ற அதே ஸ்டீராய்டுதான். யார், எதற்கு, எப்போது கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

கேள்வி: படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

உள்காதிலுள்ள நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறி, அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றை வெளியேற்றும் எப்ளி முறை இருக்கிறது. மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்யும். முதல் தடவை மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், கை கால் பலவீனம் சேர்ந்து வந்தால் மூளை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: கண் முன்னே பூச்சி பறப்பது போல் புள்ளிகள்.

வருஷக்கணக்காக ஒன்றிரண்டு என்றால் பழகிக்கொள்ளலாம். திடீரென்று நிறைய வந்தாலோ, ஓரத்தில் மின்னினாலோ, திரை இறங்குவது போல் மறைத்தாலோ விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

கேள்வி: கழிவறை சுத்தம் செய்யும் திரவம் கண்ணில் தெறித்தால்?

உடனே குழாயடியில் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. கழுவாமல் வண்டியைத் தேடாதீர்கள். சுண்ணாம்பு, சிமென்ட் போன்ற காரப் பொருள்கள் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். துகள் இமைக்குள் ஒட்டியிருக்கும், இமையைப் புரட்டியும் கழுவ வேண்டும்.

கேள்வி: காதுக்குள் எறும்பு போய்விட்டால்?

உயிரோடு இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அடக்கலாம், செவிப்பறை நன்றாக இருக்கும்பட்சத்தில். பயறு, கடலை என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊதிக்கொள்ளும். பட்டன் பேட்டரி என்றால் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், சில மணி நேரத்தில் காதை அரித்துவிடும்.