மரத்தை மக்கச்செய்யும் பூஞ்சைகள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் பரவியிருக்கின்றனவா?

இல்லை. பூஞ்சைகள் பெருக உதவும் நுண்ணிய வித்துகள் காற்றில் வெகுதூரம் போகும். ஆனால் விழுந்த இடத்தில் ஏற்ற மரமும் ஈரமும் வெப்பமும் வேண்டுமே! வடக்கின் குளிர்ந்த ஊசியிலைக் காடுகளில் பழுப்பு அழுகல் பூஞ்சைகளின் கை ஓங்கியிருக்கும். அவை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சிதைத்துவிட்டு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். வெப்பமண்டலத்தின் அகன்ற இலை மரங்களில் லிக்னினையும் சிதைக்கும் வெள்ளை அழுகல் வகைகளே அதிகம். பிர்ச் மரத்தையே நம்பி வாழும் பூஞ்சை, அந்த மரம் வளரும் எல்லையைத் தாண்டாது. ஸ்கைசோபில்லம் கம்யூன் என்ற பூஞ்சை இதற்கு நேர் எதிர்: அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு.

என்னை மிகவும் வியக்கவைப்பது செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற பூஞ்சை. ஐரோப்பாவின் பழைய வீடுகளை அரிக்கும் இது, இயற்கையில் இமயமலை போன்ற சில மலைக்காடுகளில் அரிதாகத்தான் தென்படும். ஆசியாவிலிருந்து அவ்வளவு தூரம் பரவியதற்கு, மனிதர்கள் கொண்டுபோன மரங்களே முக்கியக் காரணம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.