கோயிலா, டாக்டரா: எது முதலில்?

ஆறு மாதமாகக் காதில் யாரோ பேசுவதாகச் சொல்லும் 20 வயதுத் தம்பியைக் கோயிலில் தங்கவைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் டாக்டரிடம் காட்டலாமா என்று குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.

இது மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, குரல்களும் சந்தேகங்களும் மருந்துக்கு மெதுவாகவே அடங்கும். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு: பேச்சு குறைவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது. இவற்றுக்கு மாத்திரை பெரிதாக உதவுவதில்லை. அதற்குள் படிப்பு நின்றுவிடும், நண்பர்கள் விலகிவிடுவார்கள். அதையெல்லாம் மீட்பது நோயைக் குறைப்பதைவிடக் கடினம்.

நார்வேயில் ஒரு பகுதியில் பள்ளிகளிலும் ஊடகங்களிலும் விழிப்புணர்வு செய்து, இப்படிப்பட்ட மனநோய் உள்ளவர்களைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அங்கே சுமார் 31 சதவீதம் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். அப்படிச் செய்யாத பகுதிகளில் 15 சதவீதம்தான்.

ஆறு மாதம் போய்விட்டதே என்று தளர வேண்டாம், இப்போது தொடங்கினாலும் பலன் உண்டு. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் வழக்கம் அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. செலவு யோசனையாக இருந்தால் வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தம்பி வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான். தற்கொலைப் பேச்சு வந்தால் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.