ஊட்டியில் பிறந்த சபை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நீலகிரி பற்றிய கட்டுரையில், உலகமெங்கும் பரவிய ஒரு கன்னியர் சபை ஊட்டியில்தான் தொடங்கியது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் அந்தச் சபையான எஃப்.எம்.எம். (ஃபிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சிஸ்டர்களின் பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள். சபையை நிறுவிய மதருக்கு ஆண்டுதோறும் விழா எடுப்பார்கள், பிரெஞ்சுக்காரர் என்பார்கள், பூங்கொத்து வைப்போம், அதோடு சரி. அவர் வேறொரு சபையிலிருந்து பிரிந்து வந்தவர் என்று என் தோழி சொல்கிறாள். அது கலகம்தானே? ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை? இன்னொன்று, மிஷனரி என்றாலே வெள்ளைக்காரன் ஆட்சியின் வால்தானே என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். அவருடைய கல்லறை அங்கே இருக்கிறதா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

உங்கள் தோழி சொன்னது சரிதான். நீங்கள் பூங்கொத்து வைத்த மதர் ஒரு சபையை விட்டு வெளியேறியவர். தனியாகவும் இல்லை, சுமார் இருபது பேரோடு. பள்ளி விழாவில் இதைச் சொல்லாமல் விட்டதில் ஆச்சரியமில்லை. நம் ஊரில் எந்தக் குடும்பமும் பாகப்பிரிவினைக் கதையைக் கல்யாண வீட்டில் சொல்வதில்லை.

அந்த மதரின் இயற்பெயர் எலன் தெ சாப்போத்தின். 1839ல் பிரான்சின் நான்த் நகரில் பிறந்தார். 1860ல், அசிசியின் புனித பிரான்சிஸின் வழியில் வந்த புனித கிளாராவின் அடைப்பு மடத்தில், அதாவது கன்னியர் வெளியே வராத மடத்தில், சேர்ந்தார். உடல்நிலை ஒத்துவராமல் சில மாதங்களிலேயே வீடு திரும்பவேண்டி வந்தது. 1864ல் துலூஸில் மரி ரெபராத்ரிஸ் என்ற சபையில் சேர்ந்தார். உலகத்தின் பாவங்களுக்குப் பரிகாரமாக நற்கருணை முன் ஆராதனை செய்வதை உயிராகக் கொண்ட சபை அது. அங்கேதான் ‘திருப்பாடுகளின் மரியா’ என்ற துறவுப் பெயர் கிடைத்தது. அடுத்த மார்ச் மாதமே மதுரை மிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். வயது 25, இன்னும் பயிற்சியில் இருக்கும் நவகன்னிகை, முதல் வார்த்தைப்பாடு என்ற துறவு உறுதிமொழிகூடக் கொடுக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது.

தமிழ்நாட்டில் அவர் இருந்த இடங்கள் நமக்குப் பழக்கமானவை. 1867ல், 28 வயதில், மாகாணத் தலைவியாகிவிட்டார். அவர் பொறுப்பில் மூன்று மடங்கள்: திருச்சி, தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து அடைக்கலாபுரம். 1874ல் ஊட்டியில் இன்னொரு மடம் திறந்தார்கள். மலை ரயில் இல்லாத காலம். குன்னூருக்கு அது வந்தது 1899ல், ஊட்டிக்கு 1908ல்.

மதுரை மிஷன் இயேசு சபையின் பொறுப்பில் இருந்தது. ஊட்டியோ கோவை மறைவட்டம், பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். மதுரையில் கன்னியரிடையே மனத்தாங்கல் வளர்ந்துகொண்டே போய், 1876ல் அந்த இருபது பேரும் சபையை விட்டு விலகி ஊட்டியில் கூடினார்கள். மலையேறியதோடு அவர்கள் வேறொரு ஆயரின் அதிகாரத்துக்குள்ளும் வந்துவிட்டார்கள். கோவையின் ஆயர் ஜோசப் பர்து அவர்களை ஏற்றுக்கொண்டார். கீழே சமவெளியில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய அதே வருடம்.

கலகமா? நான் அந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் விசித்திரமான கலகம். வெளியேறியவர் முதலில் செய்த காரியம், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நேராக ரோமுக்குப் போனது. தங்கள் நிலையைச் சட்டப்படி ஆக்கித்தாருங்கள் என்று கேட்டார். 1877 ஜனவரி 6, மூவரசர் திருநாள். பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தார். ‘மரியாவின் மறைபரப்பாளர்’ என்பது பெயர். நவகன்னியர் மடம் பிரான்சில் சேன்-பிரியூ ஊரில் திறந்தது. அதனால்தான் பலரும் பிரான்சில் பிறந்த சபை என்று நினைக்கிறார்கள். காகிதம் ரோமில், புதுவரவு பிரான்சில், ஆள் ஊட்டியில்.

‘மறைபரப்பு’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்ததன் கனம் இன்று நமக்குத் தெரியாது. ஒரு கன்னிகை என்றால் மடத்துச் சுவருக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று 1298ல் பாப்பரசர் எட்டாம் போனிஃபாஸ் ஆணையிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் அதை இன்னும் இறுக்கியது. வெளியே போய்ப் பள்ளி, மருத்துவம் என்று வேலை செய்த பெண்கள் இருந்தார்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் முழுத் துறவிகள் இல்லை. அந்த அங்கீகாரத்தை பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ கொடுத்தது 1900 டிசம்பரில். அதாவது திருப்பாடுகளின் மரியா தன் சபையைக் கட்டி ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து. ஆராதனையையும் அவர் விடவில்லை. பாதி அடைப்பு மடம், பாதி கப்பல் பயணம் என்று ஒரு கலவையை உண்டாக்கினார்.

1882ல் ரோமில் பிரான்சிஸ்கன் துறவியரின் உறவு கிடைத்தது. அக்டோபர் 4, புனித பிரான்சிஸின் திருநாளன்று, அராசெலி ஆலயத்தில், பிரான்சிஸ்கன் குடும்பத்தின் ஒரு கிளையான மூன்றாம் சபையில் சேர்ந்தார். இருபத்தோரு வயதில் உடல்நிலையால் விட்டுவந்த அசிசி வீட்டுக்கு வேறு வாசல் வழியாகத் திரும்பினார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நிம்மதி ஐந்து மாதம்தான். எதிர்ப்பு கிளம்பி, 1883 மார்ச்சில் தலைவி பொறுப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். லியோ விசாரணைக்கு உத்தரவிட்டார், குற்றமில்லை என்று தெரிந்தது, 1884 ஜூலையில் சகோதரிகள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1885ல் பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு முறைப்படி இணைப்பு. நீங்கள் சொல்லும் எஃப்.எம்.எம். என்ற பெயரில் முதல் எழுத்து அப்படி வந்ததுதான்.

சரி, உங்கள் கணவரின் கேள்வி. இந்தியாவைப் பொறுத்தவரை ‘வால்’ என்பது அவ்வளவு பொருந்தாது. ஆண்டவர்கள் ஆங்கிலேயர், அவர்கள் அரசுச் சபை ஆங்கிலிக்கன். இவர்கள் பிரெஞ்சுக் கத்தோலிக்கர். ஆனால் சீனாவுக்குப் போனால் அவர் பக்கம் நியாயம் கூடுகிறது. அபினிப் போர்களுக்குப் பிறகு வந்த ஒப்பந்தங்களின்படி அங்கே கத்தோலிக்க மிஷன்களுக்குக் காவலாக நின்றது பிரான்ஸ் அரசு. கோபுரத்தைப் பார்த்த சீனக் குடியானவனுக்குப் பின்னால் பீரங்கியும் தெரிந்திருக்கும். 1899ல் இந்தச் சபையின் ஏழு சகோதரிகள் தையுவான் நகருக்குப் போய் அநாதைப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் கவனித்தார்கள். பிரெஞ்சுக்காரர் மூவர், இத்தாலியர் இருவர், ஒரு பெல்ஜியர், ஒரு டச்சுக்காரர். 1900 ஜூலை 9, அந்நியருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கலவரத்தின்போது ஏழு பேரும் கொல்லப்பட்டார்கள். 2000 அக்டோபர் 1ல் ரோம் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெய்ஜிங் கடுமையாக எதிர்த்தது. அது சீனாவின் தேசிய தினம். இந்த ஏழு பேரின் கையில் ஆயுதமில்லை. அவர்கள் போன பாதையைத் திறந்துவிட்டது ஆயுதம். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கட்சி. கணவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. மரி ரெபராத்ரிஸ் கன்னியரை மதுரைக்கு வரவழைத்த காரணங்களில் ஒன்று, உள்ளூர்த் தமிழ்க் கன்னியருக்குப் பயிற்சி கொடுப்பது. அந்தப் பெண்கள் இந்தப் பிரிவினையை எப்படிப் பார்த்தார்கள்? யாரோடு நின்றார்கள்? நான் வாசித்தவரை கதையில் பேசுகிறவர்கள் எல்லாம் ஐரோப்பியர்கள்தான். தமிழ்ச் சகோதரிகள் ‘பயிற்சி பெற்றவர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விடுகிறார்கள்.

இந்தச் சபைதான் பின்னாளில் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியது. 1947 ஆகஸ்ட் 15, சாந்தோமில் ஒரு சின்னக் கட்டடம், 32 மாணவிகள். என் அத்தை அங்கே படித்தவர். அவரிடம் கேட்டால் சபை வரலாறு ஒன்றும் சொல்லமாட்டார், நூலகத்தில் சத்தம் போட்டு மாட்டிக்கொண்டதை மட்டும் மணிக்கணக்காகச் சொல்வார்.

கல்லறை ஊட்டியில் இல்லை. 1904 நவம்பர் 15ல் இத்தாலியின் சான்ரேமோவில் இறந்தார். அப்போது 86 மடங்கள், 2000க்கும் மேற்பட்ட சகோதரிகள். உடல் ரோமில், சபையின் தலைமை இல்லத்தில் இருக்கிறது. 2002ல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். அப்புறம், மே மாதம் மலர்க்கண்காட்சிக் கூட்டம். குன்னூரிலேயே வண்டி நின்றுவிடும். முடிந்தால் செப்டம்பரில் போங்கள்.