சிங்கப்பூர் மாதிரி சின்ன நாட்டுக்கு என்ஜினியரிங் தொழில் எதற்கு? பேங்க்கும் துறைமுகமும் போதாதா?

போதாது. ஜிடிபி விளக்கமெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், நான் படித்தது ஐடிஐ வெல்டர். நீங்கள் காலேஜ் அசைன்மென்ட்டுக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. சிங்கப்பூர் துவாஸில் எண்ணெய் மேடை கட்டுகிற ஒரு யார்டில் ஒன்பது வருடம் இருந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

1968-ல் பிரிட்டிஷ்காரன் படையோடு கிளம்புகிறேன் என்றதும், அந்தத் தளங்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகிற நிலை. செம்பவாங் கடற்படை டாக்யார்டை அந்த வருடமே கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியாக மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பை மேடாக்கித் தொழிற்பேட்டை போட்டபோது அவருடைய கிறுக்குத்தனம் என்று சிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் சுமார் 20 சதவீதம் உற்பத்தித் துறைதான்.

நான் பார்த்தது ஜாக்-அப் ரிக், அதாவது கடலில் கால் ஊன்றி நிற்கிற எண்ணெய் மேடை. அந்தக் காலில் பல் வைத்த பிளேட் ஐந்து அங்குலத்துக்கு மேல் கனம். ஹீட்டர் பேட் கட்டிச் சூடேற்றித்தான் வெல்டிங் அடிக்கணும், அப்புறம் மெதுவாக ஆறவிடணும், யூடி டெஸ்ட், அதாவது அல்ட்ராசவுண்ட் வைத்து உள்ளே விரிசல் பார்ப்பது, 48 மணி நேரம் கழித்துத்தான், ஏனென்றால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் சாவகாசமாகத்தான் விரிசல் விடும். ஒரு நாள் காலையில் போனால் என் ஜாயின்ட் மேல் சாக்பீஸ் வட்டம், அங்கே குறை இருக்கிறது என்று அர்த்தம். கௌஜிங் போட்டுத் தோண்டி, மறுபடி முதலிலிருந்து. இரும்புச் சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ இல்லாத ஊர், சொன்ன தேதிக்கு ஓட்டையில்லாமல் கொடுக்கிறான் என்ற பேரை வைத்துத்தான் ஆர்டர் பிடித்தது.

வேலை செய்தது நம்மாளும் பங்களாதேஷ்காரனும்தானே என்று கமெண்டில் வருவீர்கள். வாஸ்தவம்தான், சம்பளத்தில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் டிசைன், பிளானிங், சாமான் வரவழைப்பது எல்லாம் அங்கேயே இருந்தது. 2014-ல் எண்ணெய் விலை விழுந்து ரிக் ஆர்டர் வறண்டதும் என் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை, அவர்கள் அதே அறிவை வைத்துக் காற்றாலை மேடைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து பெண் பார்க்கப் போனால், "வெல்டரா? நாங்க என்ஜினியர்னு நினைச்சோம்" என்று பெண்ணோட அப்பா காபி டம்ளரைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டு கேட்டில் வெல்டிங் முழுக்கப் பொத்தல், அதையும் நான் சொல்லாமல்தான் வந்தேன்.