தொழிற்புரட்சியின் போக்குவரத்து மாற்றம் ரயிலோடுதான் தொடங்கியதா?

தொழிற்புரட்சிக் காலப் போக்குவரத்தில் ரயில் வந்ததைத் தவிர வேறு பெரிய மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை 1830இல் திறக்கப்படும் முன்பே பிரிட்டனின் சாலைகள் பெரிதும் மாறிவிட்டிருந்தன. சாலைப் பணி மேற்பார்வையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால், பலரும் ஒரே வரியில் கடந்துபோகும் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மாறியது, சாலைக்கு யார் செலவு செய்வது என்பது. 1555ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊர் மக்களும் தங்கள் எல்லைக்குள் வரும் சாலையை ஆண்டுக்கு நான்கு நாள் கூலியின்றிச் செப்பனிட வேண்டும். பின்னர் அது ஆறு நாளாயிற்று. எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் வண்டிகளுக்காகத் தன் வயல் வேலையை விட்டுவிட்டு வரும் விவசாயி பள்ளத்தில் நான்கு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் சக்கரம் அச்சுவரை புதைந்ததால், பல இடங்களில் சரக்கெல்லாம் பொதிகுதிரைகளின் முதுகில்தான் சென்றது.

இதற்கு மாற்றாக வந்தவை சுங்கச்சாவடிகள். முதல் சாவடிக்கான சட்டம் 1663இலேயே இயற்றப்பட்டாலும், 1750க்குப் பிறகுதான் அவை நாடெங்கும் பரவின. உள்ளூர்ப் பெரியவர்கள் அடங்கிய அறக்கட்டளைகள் வரப்போகும் சுங்க வருவாயை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கிச் சாலை அமைத்தன. 1830களில் இத்தகைய அறக்கட்டளைகள் ஏறத்தாழ ஆயிரம் இருந்தன. அவற்றின் பொறுப்பில் 32,000 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் இருந்தன. ஏழை விவசாயிகளுக்கு இந்தச் சுங்கம் பெரிய சுமையாக இருந்ததையும் மறைக்கக் கூடாது. வேல்ஸில் 1839 முதல் 1843 வரை ஆண்கள் பெண் வேடமிட்டு இரவில் வந்து சாவடிகளை உடைத்தார்கள்.

பணம் வந்த பிறகு தொழில்நுட்பம் வந்தது. ஆறு வயதில் அம்மையால் பார்வை இழந்த ஜான் மெட்காஃப், சதுப்பு நிலத்தின் மேல் புதர்ச்செடிக் கட்டுகளைப் பரப்பி, அவற்றின் மீது சாலை போட்டார். தாமஸ் டெல்ஃபோர்டு அடியில் பெரிய கற்களைக் கையால் அடுக்கி உறுதியான தளம் அமைத்தார். 1816இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் மெக்காடம் இந்தப் பெருங்கல் அடித்தளமே தேவையில்லை என்றார். சுமையைத் தாங்குவது அடியிலுள்ள மண்தான்; அந்த மண் நனையாமல் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். எனவே சாலையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்தி, நடுவில் சற்றே மேடிட்டு, இருபுறமும் வடிகால் வெட்டி, மேலே சுமார் 25 சென்டிமீட்டர் கனத்துக்கு உடைத்த கல்லைப் பரப்பச் சொன்னார். ஒரு கல்லின் எடை ஆறு அவுன்ஸை, அதாவது 170 கிராமை, தாண்டக் கூடாது. பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் சாலையோரம் உட்கார்ந்தபடியே சிறு சுத்தியால் அந்தக் கல்லை உடைத்தார்கள். கூர்முனையுள்ள அந்தச் சில்லுகள், மேலே வண்டிகள் ஓட ஓட ஒன்றுக்குள் ஒன்று செருகி இறுகிக்கொண்டன. நம் ஊரில் கப்பி ரோடு என்று சொல்வதை இன்றும் மதிப்பீட்டில் ‘வாட்டர் பவுண்ட் மெக்காடம்’ என்றுதான் எழுதுகிறோம். பக்க வடிகாலை யாரோ மண் போட்டு மூடிவிட்டதால், நன்றாகப் போட்ட ஒரு கிராமச் சாலை ஒரே மழைக்காலத்தில் குழிகுழியாகப் பெயர்ந்ததை நேரில் பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது.

இவற்றின் பலன் பயண நேரத்தில் தெரிந்தது. 1784இல் ஜான் பால்மர் தொடங்கிய அஞ்சல் வண்டி பிரிஸ்டலில் மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு லண்டன் சேர்ந்தது. 1750களில் லண்டனிலிருந்து எடின்பரோ செல்லப் பத்து நாளாகும். 1830களில் இரண்டே நாள் போதும்.

ஆனால் நிலக்கரி போன்ற கனத்த சரக்குக்கு எந்தச் சாலையும் ஈடுகொடுக்கவில்லை. அந்த வேலையைக் கால்வாய்கள் ஏற்றன. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டபின் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ரயில் வந்ததும் நெடுந்தூரக் குதிரை வண்டிகள் சில ஆண்டுகளில் நின்றுபோயின, சுங்க வருவாய் சரிந்தது, கடைசி அறக்கட்டளையும் 1895இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் நிலையத்தில் இறங்கிய சரக்கைக் கடைக்கும் ஆலைக்கும் கொண்டுசேர்க்க வண்டிகள் தேவைப்பட்டதால், ரயில் காலத்தில் பிரிட்டனில் குதிரைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது.