வட்டமிடுவதெல்லாம் கருடன் இல்லை

*சத்துவாச்சாரியில் மொட்டைமாடிக்குப் பக்கத்து வேப்பமரத்தில் புறா அளவில் ஒரு பருந்து, ரெண்டு நாளாக வருகிறது. நெஞ்சில் குறுக்குக் கோடுகள். என்ன பறவை?*

வைரியாக இருக்கலாம், வல்லூறு என்றும் சொல்வார்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். அக்காக்குயிலும் இதே அளவு, இதே சாம்பல் முதுகு, இதே கோடு போட்ட வால், பறப்பதும் நாலு முறை சிறகடித்து ஒரு வழுக்கு, அதே மாதிரிதான். தவிட்டுக்குருவிகளே ஏமாந்து கத்தும், அதனால் அவை கத்துவதை சாட்சியாக எடுக்க முடியாது. குயில் கூவினால் குட்டு உடைந்துவிடும், ஆனால் குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வாயே திறக்காது! மூக்கையும் காலையும் பாருங்கள். வைரிக்குக் கொக்கி மூக்கு, நீளமான மஞ்சள் கால், இரை பிடிக்கிற நகம். குயிலுக்குக் கால் குட்டை, மூக்கு கிட்டத்தட்ட நேராக இருக்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். நானே ஒரு கார்த்திகை மாதம் முழுக்க ஒரு குயிலை வைரி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அது கம்பளிப்பூச்சி தின்றதைப் பார்த்த பிறகுதான் நோட்டில் அந்தப் பெயரை அடித்தேன்.

*கோழிக்குஞ்சைத் தூக்குவது கருடனா? அணைக்கட்டுப் பக்கம் எங்கள் பாட்டி கும்பிட்டுக்கொண்டே திட்டுகிறார்.*

பாட்டியை கும்பிடச் சொல்லுங்கள், திட்ட வேண்டாம். கருடன் என்கிற செம்பருந்துக்கு மீன், நண்டு, செத்தது போதும், குஞ்சைத் தூக்குவது எப்போதாவதுதான். முதல் சந்தேகம் கரும்பருந்து மேல், அடுத்தது வைரி. வாலைப் பாருங்கள்: செம்பருந்துக்கு வட்டம், கரும்பருந்துக்கு நடுவில் பிளவு. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டால் தகராறே இல்லை. கல்லெறிய வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

*குடியாத்தம் சாலையில் வயல் மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிறதே?*

ரெண்டு பேர் அப்படிச் செய்வார்கள். வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு, சிவப்புக் கண் என்றால் கருந்தோள் பருந்து, வருஷம் முழுக்க நம்மூர்க்காரர், ஓய்வெடுக்கக் கரண்ட் கம்பியில் உட்காருவார். முதுகு செங்கல் நிறம், நிற்கும்போது வால் விசிறி மாதிரி விரிந்து நுனியில் கறுப்புப் பட்டை தெரிந்தால் கெஸ்ட்ரல் என்கிற சிறு வல்லூறு (மேலே சொன்ன வைரி இல்லை), குளிருக்கு வந்த விருந்தாளி.

*காவேரிப்பாக்கம் ஏரிக்கு எப்போது போகலாம்? எந்த பைனாகுலர்?*

8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும். விடிந்ததும் போனால் வாத்தும் நாமக்கோழியும் திடீரென்று கூட்டமாகக் கிளம்பும், அப்போது கோரைக்கு மேலே பாருங்கள்: இறக்கையை V மாதிரி தூக்கிப் பிடித்துத் தாழ்வாக வருவது சேற்றுப் பூனைப்பருந்து. பெண்ணுக்கு உடம்பு காப்பிக் கொட்டை நிறம், தலை மட்டும் வெண்ணெய். வட்டமிடும் பெரிய பருந்துகளுக்கு அவ்வளவு சீக்கிரம் வேண்டாம், பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்பும் ஒன்பது மணிக்கு மேல்தான் அவை அதில் மேலே ஏறும், மழை மூட்டமாக இருந்தால் அதுவும் இல்லை.